எண்ணப்படாத பிரம்மச்சாரிகள்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவருக்குக் கொசு என்று பெயர். ஆனால் இந்தக் கொசு கடித்தது யாருக்கும் தெரியாது. இருபத்தாறு வருடமாக ஊசி குத்துகிறார். எவ்வளவு தடித்த கையானாலும் தடவிப் பார்த்தே நரம்பைப் பிடித்துவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அவர் எடுத்துவரும் ரத்தத்தை மெஷினில் ஏற்றிப் பார்ப்பவன் அவர் மனைவியின் தம்பி. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அவனை அங்கே சேர்த்துவிட்டதே கொசுதான்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போக ஆரம்பித்தது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு பார்த்தார்கள். ஏழு. நாலைத் தாண்டிவிட்டது, பத்தைத் தொடவில்லை, ரெண்டுங்கெட்டான் எண். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புராஸ்டேட் சுரப்பியிலிருந்து கசியும் பி.எஸ்.ஏ. ரத்தத்தில் கலந்ததும் அங்கிருக்கும் புரதங்கள் பெரும்பகுதியைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். மிச்சம் தனியாகத் திரியும். அந்த மிச்சத்தைத்தான் அடுத்து அளக்க வேண்டும். அது நிறைய இருந்தால் வெறும் வீக்கமாக இருக்கலாம். குறைந்தால் புற்றுநோயோ என்று சந்தேகம், சதை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

மைத்துனன் இதையே வேறு மாதிரி சொல்வான். "கட்டிக்கிட்டவன் குடும்பஸ்தன் அத்தான், தனியா சுத்துறவன் பிரம்மச்சாரி. பிரம்மச்சாரி அதிகமா இருந்தா நிம்மதியா தூங்குங்க."

மறுநாள் தாளை நீட்டினான். "முப்பது சதவீதம்! போய் அக்காவை அழாம இருக்கச் சொல்லுங்க."

கொசு அதன் பிறகு டாக்டர் பக்கமே போகவில்லை. அந்த நகைச்சுவையைத் தானும் பிடித்துக்கொண்டு, ரிப்போர்ட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

பதினாலு மாதம் கழித்துப் பரிசோதனைக்கூடத்து ஃபிரிட்ஜ் பழுதானது. உள்ளே இருந்ததை வேறு ஃபிரிட்ஜுக்கு மாற்றியவர் கொசு. பின்வரிசையில் ஒரு பெட்டி. தனியாகத் திரிவதை அளக்கும் கிட் அது. 'வந்த தேதி' என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து, அவருடைய பரிசோதனைக்கு ஒரு மாதம் முந்திய தேதி. 'திறந்த தேதி' காலி. ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது. அதற்குப் பிறகு வேறு பெட்டி வரவே இல்லை. வரும் சாமானை வாங்கி வைப்பவர் அவர்தானே! பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைத்துனனிடம் போனார்.

"இது என்ன மாப்ள?"

அவன் பெட்டியைப் பார்த்தான், அவரைப் பார்க்கவில்லை. "திறந்தா நாலு வாரந்தான் தாங்கும் அத்தான். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்காக..."

"அப்ப என் முப்பது?"

"நீங்க வெலவெலத்துப் போய் நின்னீங்க. அக்கா அழுதுச்சு. ஆறுதலா இருக்கட்டும்னுதான்..."

"ஒரு பிரம்மச்சாரியைக்கூட எண்ணலையாடா, பாவி? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் உயிர்லயே விளையாடியிருக்கியே!"

அறைய ஓங்கிய கையைக் கீழே போட்டார். நம்பவைத்துக் கழுத்தறுத்தவனை அடித்து என்ன ஆகப்போகிறது?

வேறொரு கூடத்தில் ரத்தம் கொடுத்தார். மொத்தம் ஒன்பது, தனியாகத் திரிவது எட்டு சதவீதம். சதை எடுக்க டாக்டர் நாள் குறித்தார். "போன வருஷமே வந்திருக்கணும்," என்றார்.

அதற்குள் கொசு பழைய பதிவேட்டைப் புரட்டினார். அந்தப் பதினாலு மாதத்தில் இன்னும் பத்தொன்பது ஆண்கள். எல்லாருக்கும் இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு. முதலாளியிடம் சொல்லிவிட்டு, விலாசங்களை எழுதிக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீடு ஓய்வுபெற்ற தபால்காரருடையது. கட்டிலில் படுத்திருந்தார், பாதியாய் இளைத்திருந்தார். இடுப்பெலும்பு வரை பரவிவிட்டதென்று மனைவி வாசலிலேயே சொல்லியிருந்தாள். கொசு எல்லாவற்றையும் சொன்னார், மைத்துனன் செய்ததை, பெட்டியை, தானும் ஏமாந்ததை.

தபால்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க மச்சினன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க," என்றார். "பிரம்மச்சாரி நிறைய இருக்கான், நிம்மதியா தூங்குங்கன்னு எங்கிட்ட சிரிச்சிக்கிட்டே சொன்னது நீங்கதான்."