காகத்துக்கு வைத்த சோறு

இன்று காலை ரூ காய் தெருமுனையில் உணவகத்துப் பெண்ணொருத்தி, முதலில் பொரித்தெடுத்த வடையில் பாதியைப் பிய்த்துச் சன்னல் விளிம்பில் வைத்தாள். காகம் வருமுன்னே புறாக்கள் வந்துவிட்டன. அவள் பிரெஞ்சில் அவற்றைத் திட்டிக்கொண்டிருக்க, சூடான உளுந்தின் மணம் குளிர்காற்றோடு என் முகத்தில் மோதியது. அந்த மணத்தை நுகர்ந்தால் எனக்கு ஒரு கரடிதான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்தவர். என் மகளின் திருமணத்தில் தாய்மாமனாக வந்து நிற்க வேண்டும் என்று நேரில் அழைக்கப் போயிருந்தேன். இதய அறுவைக்குப் பிறகு அவர் உடல் தேறியிருந்தது, அச்சந்தான் தீரவில்லை. "பிளேனிலை ஏதும் நடந்தால் ஆர் பாக்கிறது? என்னை விடு பிள்ளை" என்றார். மலைகூட ஏறலாம் என்று மருத்துவர் சொன்னதை அவர் நம்பவில்லை. அவருடைய மகள் அதையே பிடித்துக்கொண்டாள்: "மாமி, ஏத்திப் பாப்பம். ஏறினாரெண்டால் பயம் போயிடும்."

மலை என்றதும் படிக்கட்டுகளையும் உச்சியில் ஒரு கோயிலையும் எதிர்பார்த்து, நான் கலியாண வீட்டுக்குப் போடும் செருப்போடு கிளம்பியிருந்தேன். அண்ணன் மகள் தன் பழைய சப்பாத்தைத் தந்து காப்பாற்றினாள். ஊசியிலை மரங்களுக்கிடையே ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து ஏறியது. அண்ணன் வளைவுக்கு வளைவு நின்று நெஞ்சைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் தாய்மானொன்று குட்டியோடு எங்களை நோக்கி அசையாமல் நின்றது. "நான் விழுறதைப் பாக்கத்தான் நிக்குது" என்றார்.

ஒரு தட்டைப் பாறையில், அண்ணியும் சேர்ந்து நால்வரும் உண்ண அமர்ந்தோம். அன்று சனிக்கிழமை. அண்ணன் நோயுற்றது முதல், அண்ணி சனிக்கிழமைகளில் காகத்துக்கு வைக்காமல் வாயில் பருக்கை இட்டதில்லை. எள்ளுச்சோற்றையும் ஒரு வடையையும் சற்றுத் தள்ளியிருந்த கல்லில் வைத்தார். விலங்குகளுக்கு உணவிடலாகாது என்ற பலகையை அண்ணன் மகள் சுட்டிக்காட்டினாள்.

"அது மிருகத்துக்கு. காகம் சனீஸ்வரன்ரை வாகனமெல்லே" என்று சொல்லிவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டார் அண்ணி.

புதர் விலகியது. வந்தது கரியதுதான், காகமன்று.

நான் உடனே அண்ணியின் முதுகுக்குப் பின்னே போய்விட்டேன். என் வீரம் அவ்வளவுதான். "ஓடாதேங்கோ" என்று அண்ணன் மகள் முணுமுணுத்தாள். அப்போது அண்ணன் எழுந்தார். எங்கள் மூவரையும் தமக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சோற்றுச் சட்டியையும் மூடியையும் தூக்கி ஒன்றோடொன்று அடித்து, "டேய்! போடா அங்காலை! போ!" என்று காடதிரக் கத்தினார். கரடி சிறிது யோசித்தது. பின்பு வடையைக் கவ்விக்கொண்டு, மரியாதையாகவே திரும்பிச் சென்றது.

"கரடிக்குத் தமிழ் விளங்குமே?" என்றார் அண்ணி.

"நீர் வைச்ச சோறு விளங்கினால் இதுவும் விளங்கும்."

எஞ்சியதை அள்ளிக் கட்டிக்கொண்டு விரைந்து இறங்கினோம். அண்ணன் முன்னால் நடந்தார். ஒரு வளைவிலும் நிற்கவில்லை. நெஞ்சு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவர்போல் இருந்தார். காரின் கதவைத் திறந்தபடி, "தங்கச்சி, கலியாணத்துக்கு எண்டைக்கு டிக்கெட் போடுறது?" என்று கேட்டார். நான் அழுதேன். "இப்ப ஏன் அழுறாய்? கரடி போயிட்டுதெல்லே" என்றார்.

அவர் வந்தார். இங்கே சார்செல் நகரத்து மண்டப மணவறையில் பட்டுவேட்டியோடு நின்றார். பந்தியில் ஒவ்வொருவரிடமும் கரடிக் கதையைச் சொன்னார். இலைக்கு இலை கரடி வளர்ந்துகொண்டே போயிற்று. பின்னும் சில ஆண்டுகள் இருந்து, ஒருநாள் உறக்கத்திலேயே போய்விட்டார். அண்ணி வீட்டை விற்று மகளோடு வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்.

போன கோடையில் அந்த மலையைக் காட்டுத்தீ தின்றுவிட்டது. அண்ணன் மகள் படம் அனுப்பியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கி, அண்ணன் மூச்சு வாங்கி ஏறிய அந்த ஒற்றையடிப் பாதையை நெடுநேரம் தேடினேன். மரங்களற்ற அந்தச் சாம்பல் மலையில், எல்லா இடமும் பாதையாகவே தெரிந்தது.