பரோட்டாக் கல்லும் சீனியில்லாத டீயும்

பத்தாவது வரைக்கும் படித்தவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். அதிலும் இந்த விஷயத்தை எழுத வந்ததற்குப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தச்சநல்லூரில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர் வேலை. மதியத்திலிருந்து கடை அடைக்கும்வரை கல்லின் முன் நிற்பேன். கல்லின் உயரமும் என் இடுப்பின் உயரமும் ஒன்று. இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளையில்லை. என் மனைவி எல்லாச் சோதனையும் செய்து முடித்த பிறகு, கடைசியாக என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

“அங்க அனல் பட்டுக்கிட்டே இருந்தா உயிரணு எப்படி உண்டாகும்? ஹார்மோனும் கொறைச்சலா இருக்கு. மூணு மாசம் கல்லுப் பக்கம் போகாதீங்க. ஊசி எழுதித் தாரேன். மருந்தை ஃபிரிட்ஜ்ல வைக்கணும்.”

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. கடையில் உண்டு. மருந்துப் பெட்டியைப் பன்னீர் சோடா பாட்டில்களுக்குப் பின்னால் வைத்தேன். முதலாளி அண்ணாச்சி அன்றைக்கே பார்த்துவிட்டார்.

“ஏலே, இது என்ன ஊசி மருந்து? சீனி வியாதியா?”

கடையில் ஆள் இருந்தது. தலையை ஆட்டினேன்.

“சொல்ல வேண்டியதானலே. சீனி உள்ளவன் அனல்ல நிக்கலாமா? நீ ஒக்காந்து பைய பார்சல் கட்டு. கல்லை நான் பாத்துக்கிடுதேன்.”

எப்படிக் கேட்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்ததை அவரே கொடுத்துவிட்டார். கூடவே என் டீயில் சீனியை நிறுத்தினார். வாடிக்கைக்காரர் ஒருவர் பாகற்காய் கொண்டுவந்து தந்தார். அண்ணாச்சி போட்ட பரோட்டா கருகியது.

“அண்ணாச்சி, இது பரோட்டாவா அப்பளமா?”

“அவனுக்குச் சீனி எறங்கட்டும்வே. அதுவரைக்கும் பேசாமத் தின்னும்.”

பேச்சு வீடுவரைக்கும் வந்தது. “ஒங்க வீட்டுக்காரருக்குக் கால் மரத்துப்போவுதான்னு தெருவுல கேக்காவ. நான் என்னன்னு சொல்ல?” என்றாள் மனைவி.

“போவுதுன்னு சொல்லு.”

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி போட்டுக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் அணு எண்ணிக்கை ஏறியிருந்தது. ஊசியைத் தொடரச் சொன்னார் டாக்டர். கல் இன்னும் வேண்டாம் என்றார். அதன்பின் ஒரு மாதம் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டர் சோதித்துவிட்டு, பிள்ளைதான் என்றார்.

அல்வா வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்தார். சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் அவரே இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார். நானும் கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

“பிள்ளை பொறக்கப்போவுது. இனிமதாம்லே ஒடம்பப் பாக்கணும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையில் ஆள் இருந்தது.

மறுநாள் பார்சல் கட்டினேன். டீ வந்தது. சீனி இல்லை.