கழற்றி வைத்த சக்கரம்

கொளஞ்சியப்பனின் சட்டைக் காலர் நனைந்திருந்ததை முதலில் பார்த்தவள் சித்தீகாதான். வேர்வை என்று நினைத்தாள். கிட்டே வந்த பிறகுதான் இடது காதிலிருந்து இரத்தம் வடிவது தெரிந்தது. அவனைத் தோளில் தாங்கியபடி மாணிக்கம்மாள் நடந்து வந்தாள்.

மந்தாரக்குப்பத்தில் ஒரே ஓட்டு வீட்டை நடுச்சுவர் வைத்துத் தடுத்து இரண்டு குடித்தனங்களுக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் முகமது யூசுப்பும் அவன் மனைவி சித்தீகாவும். மறு பாதியில் கொளஞ்சியப்பனும் மாணிக்கம்மாளும். யூசுப் நிலக்கரிச் சுரங்கத்து மெஷின் ஷாப்பில் ஃபிட்டருக்கு உதவியாள், பெர்மனெண்ட் ஆகி ஒரு வருஷம். அடுத்த குடித்தனத்தார் கான்ட்ராக்ட் ஆட்கள். சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பிளாக் ஒன்றில், குவார்ட்டர்ஸ் கட்டும் இடத்தில் அவன் சாரம் கட்டினான், அவள் சாந்து சுமந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷத்துக் கோடை அது.

"என்னாச்சு அக்கா?" என்று ஓடிவந்தான் யூசுப்.

"மேஸ்திரி சாரக்கம்பால அடிச்சிட்டான் பாய். நெழலு காலுக்கடியில வந்துடுச்சி, சோத்துக்கு உடுங்கன்னு இவரு கேட்டாரு. அம்மாந்தான். கடியாரத்தக் காட்டி, இன்னும் அரைமணி கெடக்குது, நெழலு பெருசா இது பெருசான்னு கேட்டுகினே போட்டுட்டான்."

செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்னார். நான்காம் நாள் கொளஞ்சியப்பன் அதே மேஸ்திரியிடமே வேலைக்குப் போனான். வேறு போக்கிடம் இல்லை.

மேஸ்திரியின் பெயர் வைரக்கண்ணு. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நல்ல உயரம், கட்டை விரலை முஷ்டிக்குள் மடக்காமல் முகத்தில் குத்தத் தெரிந்தவன். கம்பெனியின் சைரன் ஷிப்டுக்காரர்களுக்குத்தான். கான்ட்ராக்ட் ஆளுக்கு அவன் கையில் கட்டிய கடிகாரமும் வாயில் வைத்த விசிலும்தான் நேரம்.

யூசுப்புக்குக் கடிகாரப் பைத்தியம். யாரிடமும் கற்றதில்லை. கடலூர்ச் சந்தையில் செத்த கடிகாரங்களைக் குப்பை விலைக்கு வாங்கிவந்து வீட்டில் பிரிப்பான். முதல் நான்கைப் பாழாக்கினான். ஒன்றின் மெயின் ஸ்பிரிங் பிடி நழுவித் துள்ளிப் புருவத்தைக் கிழித்தது. பிறகு புத்தி வந்தது. எதை எப்போது கழற்றினான் என்று நோட்டில் படம் போட்டு வைத்தான். கிராமபோன் ஊசியைச் சாணை பிடித்துத் திருப்புளியாக்கினான். சித்தீகாவின் முள்வாங்கியை வாங்கி நுனியைத் தேய்த்துக் கூராக்கினான். பெட்ரோலில் நனைத்த சேவல் இறகால் சக்கரங்களைக் கழுவுவான். அவன் உட்கார்ந்துவிட்டால் அறையைக் கூட்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

கொளஞ்சியப்பனின் காது போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும். வைரக்கண்ணு வாசலில் வந்து நின்றான்.

"பாய், கடிகாரம் ஓட மாட்டேங்குது. பண்ருட்டிக்கு அலைய எனக்கு நேரமில்ல. நீ பாப்பியாமே."

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மாணிக்கம்மாள் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. முடியாது என்று யூசுப் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை நல்ல கடிகாரத்தின் உள்ளே அவன் அதுவரை பார்த்ததில்லை. கை தானாக நீண்டது.

மூடியைத் திறந்தவன் முகம் சுளித்தான். உள்ளே சிமெண்டுத் தூசி. மூடியின் விளிம்பு இறுக்கமாகத்தான் இருந்தது. தூசி பக்கவாட்டுத் திருகு வழியாக நுழைந்திருந்தது. சாவி கொடுக்க அந்தத் திருகை அப்படியே சுற்றினால் போதும். முள்ளை நகர்த்தத்தான் வெளியே இழுக்கவேண்டும். டயலைக் கழற்றிப் பார்த்தான். சாவி கொடுக்கும் பக்கத்துப் பற்கள் புதிதுபோலக் கூர்மையாக இருந்தன. முள்ளைத் திருப்பும் பக்கத்துப் பற்கள் மழுங்கித் தேய்ந்திருந்தன. கடிகாரம் வாங்கி மூன்று வருஷம் என்று வைரக்கண்ணுவே சொல்லியிருந்தான். நன்றாக ஓடும் கடிகாரத்தின் முள்ளை ஒருவன் எதற்காகத் தினமும் திருப்பவேண்டும்?

மறுநாள் சாயங்காலம் மாணிக்கம்மாள் சித்தீகாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மேஸ்திரி கடியாரம் இல்லாம ஓவர்சியர் கடியாரத்த பாத்துதான் விசில் ஊதுறாங்க தங்கச்சி. சோறும் நேரத்துக்கு, வூட்டுக்கும் வெளிச்சத்துலயே வந்துடறோம்."

கேட்டுக்கொண்டிருந்த யூசுப் முள்வாங்கியைக் கீழே வைத்தான். மேஸ்திரி தினமும் முள்ளைப் பின்னுக்குத் திருப்பி வேலை நேரத்தை நீட்டியிருக்கிறான். நிழல்தான் சரி. அந்தக் காது ஒரு பொய்க்காகப் போயிருக்கிறது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை, சித்தீகாவிடம்கூட. சொன்னால் கொளஞ்சியப்பன் அரிவாளை எடுப்பான் என்று பயந்தான். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, தன் சாமர்த்தியத்தின் மேல் வந்த ஆசை. கடிகாரத்தைச் சுத்தமாக்கி, எண்ணெய் விட்டு, முள்ளைத் திருப்ப உதவும் சின்னச் சக்கரத்தை மட்டும் எடுத்துத் தீப்பெட்டிக்குள் போட்டான். இனி அது ஓடும், சாவி கொள்ளும். திருகை எவ்வளவு இழுத்தாலும் முள் அசையாது.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்டு முடிந்ததும், இரண்டு மணிச் சைரனுக்கு முள்ளைச் சரியாகப் பொருத்தி மூடி, வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். வைரக்கண்ணு காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கட்டிக்கொண்டான்.

யூசுப் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. தன் கைவேலை பலிப்பதைப் பார்க்க முந்திரி மரத்தடியில் நின்றான்.

நாலரை மணி சுமாருக்கு வைரக்கண்ணு திருகை இழுத்தான். சுற்றினான். மறுபடி சுற்றினான். பல்லால் கடித்து இழுத்தான். திருகு தண்டோடு பிடுங்கிக்கொண்டு கையில் வந்தது. சாந்துப் பாண்டைத் தலையில் வைத்தபடி எதிரே நின்ற மாணிக்கம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா மேஸ்திரி, தெனம் சாவி திருவுவியே, இன்னிக்கி திரும்பலியா?"

யாரோ ஒரு சித்தாள் சிரித்தாள். வைரக்கண்ணு குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தான். எறியவில்லை, கையில் பிடித்தபடியே வந்து ஓங்கி இறக்கினான். முகத்தை மறைக்க மாணிக்கம்மாள் கையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் மரத்தடி வரை கேட்டது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது.

கொளஞ்சியப்பன் முதல் தளத்துச் சாரத்தில் இருந்தான். பேச்சு அவனுக்குக் கேட்கவில்லை. கண்ணில் பட்டது போதும். அங்கிருந்தே மேஸ்திரியின் மேல் குதித்தான். பிறகு யார் அடித்தது, யார் உதைத்தது என்று சொல்ல முடியாது. மண்வெட்டிக் காம்பு, சாரக்கம்பு, வெறுங்கால். நாலைந்து பேர் மேஸ்திரியைப் பிடரியில் பிடித்துச் சுண்ணாம்புச் சாந்துக்குள் முகத்தை அமுக்கினார்கள்.

"போதும், செத்துருவான், விடுங்க" என்று கத்திக்கொண்டே யூசுப் ஓடினான். கொளஞ்சியப்பனை இடுப்பில் கட்டிப் பிடித்து இழுத்தான். சாந்திலிருந்து தலை தூக்கிய வைரக்கண்ணு, வெந்துகொண்டிருந்த கண்ணால் யூசுப்பைத்தான் பார்த்தான்.

"இங்க உனக்கு என்ன வேல பாய்?" என்றான்.

யூசுப் கொளஞ்சியப்பனை இன்னும் பின்னால் இழுத்தான்.

மேஸ்திரிக்கு ஒரு கண் போனது. அவன் மச்சான் கடிகாரத்தைப் பண்ருட்டிக்கு எடுத்துப் போனான். திறந்து பார்த்த கடிகாரக்கடைக்காரர் உள்ளே ஒரு சக்கரம் குறைகிறது என்றார்.

மறு வெள்ளிக்கிழமை, யூசுப் தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம், மூன்று பேர் உள்ளே நுழைந்தார்கள். மச்சான் சோற்றுத் தட்டைக் காலால் தள்ளினான்.

"எந்தக் கை அதத் தொட்டுது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு பேர் அவனைக் குப்புறத் தள்ளி, வலது கையை அம்மிக்கல்லின் மேல் விரித்து மிதித்தார்கள். மச்சான் குழவியைத் தூக்கிப் போட்டான். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நசுங்கின. இரண்டாம் முறை தூக்கியபோது சித்தீகா பின்கட்டிலிருந்து உலக்கையோடு வந்தாள். முதல் வீச்சில் மச்சானின் கணுக்கால் முறிந்தது. அடுத்தது இன்னொருவனின் தோளில் இறங்கியது. மூன்றாமவன் தானாகவே ஓடினான்.

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வைரக்கண்ணு ஊரோடு போய்விட்டான். கொளஞ்சியப்பனையும் மாணிக்கம்மாளையும் அந்தக் கான்ட்ராக்டில் மறுபடி சேர்க்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு யூசுப்பின் இரண்டு விரல்களும் மடங்கவில்லை. ஒருநாள் மாணிக்கம்மாளின் வாசலில் போய் நின்றான். அவள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு உட்கார்ந்திருந்தாள். முன்பற்கள் இரண்டு இல்லை. தீப்பெட்டியைத் திறந்து சக்கரத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் நல்ல கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தாள். மிளகில் பாதிகூட இருக்காது.

"எப்ப தெரிஞ்சிது பாய்?"

"கடிகாரத்தத் திருப்பிக் கொடுக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியே."

"எங்ககிட்ட ஏன் சொல்லல? நடுவுல ஒரு செவுருதான் இருந்துது. நெழல நம்புங்கன்னு சொல்லியிருந்தா, எல்லாருமா சேந்து ஓவர்சியராண்ட போயி நின்னிருப்போம். அதுகூட வேணாம். அவன் திருவப் போறான், திரும்பாதுன்னு தெரிஞ்சிருந்தா, அவன் கைக்கு எட்டுற தூரத்துல நான் நின்னிருக்க மாட்டேன்."

"தப்புதான் அக்கா" என்றான்.

"தப்புதான்" என்றாள் அவளும். உள்ளே வா என்று சொல்லவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மாணிக்கம்மாளும் கொளஞ்சியப்பனும் திருவதிகைப் பக்கம் குடிபோனார்கள். யூசுப்பை மெஷின் ஷாப்பிலிருந்து, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் டூல் ரூமுக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் அவன் எந்தக் கடிகாரத்தையும் தொடவில்லை. பிறகு இடது கையால் பழகினான். முன்பு ஒரு நாளில் முடித்ததற்கு இப்போது மூன்று வாரம் ஆனது. அவன் பிடித்துக்கொள்ள, திருகாணிகளைச் சித்தீகா எடுத்து வைப்பாள். அவள் கை அவனுடையதைவிட நிதானமாக இருந்தது. நாளாக ஆக, பிரிப்பதும் அவளே, பூட்டுவதும் அவளே என்றானது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தான், கோணலாக, இடது கையால்.