எனக்கு இன்னா கூச்சம்?

மேடையில் முழங்கி ஓய்ந்த தொண்டைக்கு, ஒடுகத்தூர் பல் மருத்துவமனையில் பெயர் கூப்பிடும் வேலை கிடைத்தது. கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்த உங்களுக்கு என் குரல் தெரிந்திருக்கும். ஜவ்வாது மலைக்குச் சாலை கேட்டும் ஆஸ்பத்திரி கேட்டும் கத்திய குரல் அது. துண்டறிக்கைகளில் எழுத்துக் கற்றவன் நான். யாரையும் புகழ்ந்து ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எங்கள் டாக்டரம்மாவுக்காக எழுதுகிறேன்.

எலுமிச்சம்பழ வைத்தியம்

படவேட்டுப் புதுமாப்பிள்ளை ஒருவர், கைபேசியில் பார்த்து எலுமிச்சைச் சாற்றில் சோடா மாவைக் குழைத்துத் தினமும் பல்லில் தேய்த்திருக்கிறார். பல்லின் மேல்பூச்சு கரைந்துவிட்டது, இனி வளராது என்றார் டாக்டரம்மா. வெளியே வந்தவர் உதட்டைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வெள்ளையாத்தான் ஆச்சுங்கண்ணா. வாயத் தொறந்தா காத்து கடிக்குது."

வெளுக்காத ஒன்று

கடைக்காரர் ஒருவர் எங்கோ போய்ப் பல்லை வெளுத்துக்கொண்டு வந்தார். ஈறு வெந்திருந்தது. அது ஆறிவிடுமாம். ஆனால் முன்பல் ஒன்றுக்குப் பழைய கேப், அதாவது பீங்கான் உறை, போட்டிருந்தார். வெளுக்கும் மருந்து கேப்பிடம் பலிக்காது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. கூட வந்த அவர் மனைவி சொன்னார்: "முன்ன அது கேப்புன்னு யாருக்கும் தெரியாதுங்க. இப்ப அது ஒண்ணுதான் தெரியுது."

மைக் பிடித்தவர் மகள்

என் மகள் மலருக்கு நிச்சயமாகியிருந்தது. பல் கொஞ்சம் மஞ்சள் என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். நான் கண்டனக் கூட்டம் போடத் தயார். அவளோ பல்லை வெளுக்க வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூச்சம் இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எனக்கு இன்னா கூச்சம் மேடம்? எங்கப்பா மைக் புடிச்சவரு."

கதவருகே நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டாக்டரம்மா முன்பல்லில் குளிர்காற்றைப் பீய்ச்சினார். மலர் துள்ளி எழுந்தாள். எப்போதோ வறுத்த புளியங்கொட்டையைக் கடித்து அந்தப் பல்லில் விழுந்த விரிசல். மருந்து அதன் வழியே இறங்கியிருந்தால் நரம்பே கெட்டுப்போயிருக்கலாம், பல்லே போயிருக்கலாம். வெளுக்க முடியாது என்று சொல்லி, விரிசலை மட்டும் அடைத்தார். "பல்லுக் கூச்சத்தக் கேட்டா வெக்கத்துக்குப் பதில் சொல்றியேம்மா" என்றார்.

மணமகன் பதில்

திரும்பும் பேருந்திலேயே மலர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். "மஞ்சப் பல்லுதாங்க வரும். சம்மதமா?" என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். அவர் சொன்னதை மலர் அப்படியே என்னிடம் சொன்னாள்: "மஞ்சப் பல்லுன்னு சொன்னது எங்க அத்தை. அவங்களுக்குப் பல்லே இல்ல."

கூச்சப்படாதே என்று சொல்லிச் சொல்லி மகளை வளர்த்தவன், அவள் பல் ஒன்று என் பேச்சைக் கேட்காமல் கூசியதற்கு இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.