சுவக்கின் சொன்ன சாமி பெயர்

கண்டி ஆசுபத்திரியில் துபாசி வேலை பார்த்த சுவக்கினுக்கு இரத்தத்தைக் கண்டால் ஆகாது. நோயாளி சொல்வதை வெள்ளைக்கார டாக்டருக்கு இங்கிலீசிலும், டாக்டர் சொல்வதை நோயாளிக்குத் தமிழிலும் சொல்லுவான். சொன்ன கையோடு முற்றத்துப் பலாமரத்தடிக்கு வந்து மூச்சு வாங்குவான். கோப்பித் தோட்டங்கள் மலைக்கு மலை ஏறிக்கொண்டிருந்த காலம். காடு வெட்டும் இடங்களிலிருந்து கை கால் நசுங்கியவர்கள் வந்தபடியே இருந்தார்கள், காய்ச்சல்காரர்களும் வந்தார்கள். வாந்திபேதி தன்னோடு வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற கிலியில், சாயங்காலம் குளிக்காமல் அவன் தன் பிள்ளையைத் தொடமாட்டான்.

ஒரு மழைநாள் காலை தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து காடு வெட்டும் பழனியாண்டியைக் கம்பளியில் சுற்றி மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். மரம் சாய்ந்து கால் நசுங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே கறுத்து நாற்றமெடுத்துவிட்டது. கூட வந்த மனைவி ராக்கம்மாவைக் காவலாளி உள்ளே விடவில்லை. அவள் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, மழையில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னதைச் சுவக்கின் உடனே தமிழில் சொல்லவில்லை.

"என்ன சொல்றாரு தொரை?" என்று கேட்டான் பழனியாண்டி.

"கால எடுக்கணுமாம். இல்லாட்டி உசுருக்கே ஆபத்தாம்."

பழனியாண்டியின் முகம் வெளிறியது. மயக்க மருந்து கொடுப்பார்கள், வலி தெரியாது என்று சுவக்கின் தேற்றப் போக, அப்போதுதான் பழனியாண்டி இன்னும் பயந்துபோனான்.

"தூங்க வச்சா முழிக்கமாட்டேன் அய்யா. உசுரு எங்கிட்டாவது போயிரும். திரும்பி வர வழி தெரியாது."

ஜன்னலுக்கு வெளியே நின்ற ராக்கம்மாவுக்கும் அது கேட்டது. "அவரு காதுல எங்க சாமி சங்கிலிக் கருப்பன் பேரச் சொல்லிக்கிட்டே இருக்கணும். அது கேட்டா உசுரு அங்கயே நிக்கும். என்னய உள்ள விடச் சொல்லுங்க சாமி."

சுவக்கின் கேட்டுப் பார்த்தான். டாக்டர் ஒப்பவில்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்க. எனக்குக் கேக்குற மாதிரிச் சொல்லுங்க. உங்க சத்தம் கேக்குற வரைக்கும் அவரு இருக்காருன்னு நெனச்சிக்கிறேன்."

அறுக்கிற இடத்தில் நிற்கவே சுவக்கினுக்குப் பயம். போதாததற்கு, ஞானஸ்நானம் பெற்றவன் கருப்பன் பெயரைக் கூவினால் அது எத்தனை பெரிய பாவமோ என்ற பயம். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தான். அதற்குள் அவள், "துபாசி அய்யா கூடவே இருப்பாரு, பயப்படாதீங்க!" என்று புருஷனுக்குக் குரல் கொடுத்துவிட்டாள். பழனியாண்டி எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

மருந்து ஊற்றிய துணியை மூக்கின்மேல் வைத்தார்கள். "சங்கிலிக் கருப்பா, சங்கிலிக் கருப்பா" என்று சுவக்கின் காதோரம் குனிந்து சத்தமாகச் சொன்னான். பிடித்திருந்த கை தளர்ந்து விழுந்தது. செத்துவிட்டான் என்றே நினைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனான். ரம்பம் எலும்பில் இறங்கும் சத்தம் கேட்டபோது அவன் குரல் நின்றுவிட்டது.

"போயிட்டாரா? அய்யோ, போயிட்டாரா?" வெளியே ராக்கம்மா கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள்.

சுவக்கின் கண்ணைத் திறந்தான். பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்தான். பழனியாண்டியின் நெஞ்சு ஏறி இறங்குவதையும் பார்த்தான்.

"இருக்காரு தாயி! மூச்சு வருது! சங்கிலிக் கருப்பா! மாதாவே! சங்கிலிக் கருப்பா!"

டாக்டர் அதட்டினார். அவன் நிறுத்தவில்லை. கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் வெளியே ஓடி வாந்தியெடுத்தான். ராக்கம்மா அவன் முகத்தையே பார்த்தாள். உயிர் இருக்கிறது என்று அவன் தலையாட்டினான். அவள் மழைச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு பயம் தீரவில்லை. பழனியாண்டி காய்ச்சல் கண்டு பிதற்றினான். கட்டில் காலியாக இருந்துவிடுமோ என்று ஒவ்வொரு காலையும் சுவக்கின் வாசலில் நின்றே எட்டிப் பார்ப்பான். ஒருவழியாகக் காய்ச்சல் இறங்கியது. ஊன்றுகோலோடு தெல்தோட்டைக்குத் திரும்பியவனுக்கு, கோப்பி காயப்போடும் களத்தில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கும் வேலை கிடைத்தது.

துபாசி கூடவே இருந்ததை அவன் போய்ச் சொன்னது, கூலிகள் குடியிருந்த லயம் லயமாகப் பரவியது. தோட்டத்து வண்டிகள் வந்து நின்றதும், "கூடவே இருக்கிற துபாசி எங்க?" என்றுதான் முதலில் கேட்டார்கள். சுவக்கின் போய் உட்கார்ந்தான். முனியாண்டி, காளி, அல்லாஹ் என்று அவரவர் கேட்ட பெயரைச் சொன்னான். எல்லோரும் பழனியாண்டியைப் போலப் பிழைக்கவில்லை. அவன் கையைப் பிடித்தபடியே சிலர் குளிர்ந்துபோனார்கள். வெளியே காத்திருப்பவர்களிடம் அதையும் அவனே போய்ச் சொன்னான்.

"இந்த வேல வேணாங்க. தூக்கத்துல அலறுறீங்க" என்றாள் மனைவி ஐரின்.

"நான் போகாட்டி அதுங்க தனியாக் கிடந்து பயப்படும் ஐரின்."

மறுநாள் காய்ச்சலில் கிடந்த ஒரு பெண், "உங்களுக்குப் பயமே கிடையாதாமே அய்யா?" என்று கேட்டாள்.

"யாரு தாயி சொன்னது? எனக்கும் பயந்தான்" என்று சொல்லிவிட்டு, உட்காரக் கதிரையை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.