நடுவில் வைத்த பெயர்

சனாவுல்லா பாய்க்குக் கண்தான் சோறு போட்டது. மண்ணரையில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் ஒரு பீஸை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாரென்றால் கடுகளவு ஓட்டைகூடத் தப்பாது. பக்கத்து மேஜையில் நானும் செக்கிங்தான். என் கண்ணைத் தாண்டியதையெல்லாம் எடுத்து நீட்டி, எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்குவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கண் கபடிப் பையன்களைப் பார்க்கும். அவரும் ஒரு காலத்தில் பாடிப் போனவர். முழங்கால் போய், சாய்ந்து சாய்ந்து நடப்பவர். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று வருஷா வருஷம் அவரிடம் ஏழு பெயர் கேட்கும். தேறியவனுக்குப் படிப்பும் விடுதியும் இலவசம். பையன் எடுக்கிற பாயிண்டை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். பிடிபட்டவன் எப்படி எழுந்திருக்கிறான் என்றுதான் பார்ப்பார்.

1992-இல் பல்லடத்து மைதானத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். பார்க்க வேண்டியவன் நல்லான், பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் கம்பெனியில் பீஸ் மடித்து அடுக்கும் வேலாத்தாளின் ஒரே மகன். நான்கு பேரை உதறிக்கொண்டு அவன் நடுக்கோட்டைத் தொட்டபோது நான் விசிலடித்தேன். பாய் அசையவில்லை.

"ஒவ்வொரு தடவையும் இடது காலை ஊனித்தான் எந்திரிக்கிறான், பாத்தியா?" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் பையனை உட்காரவைத்து, வலது முழங்காலில் உள்ளங்கையை வைத்து மடக்கச் சொன்னார். உள்ளே ஏதோ நழுவும் சத்தம் எனக்கே கேட்டது.

"எத்தனை மாசமா, கண்ணு?"

"ஆறு மாசமாங்க. அம்மாவுக்குத் தெரியாதுங்க, சொல்லிப்போடாதீங்க. சீட்டு கெடைக்கலீன்னா சாயப்பட்டறைக்குத்தானுங்க போகோணும். எங்கப்பன் அங்கதானுங்க செத்தாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாய் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. ஓட்டை விழுந்த பீஸை டஜனின் நடுவில் செருகிவிடுவார்கள். வாங்க வருகிறவர் மேலே இரண்டு, கீழே இரண்டு உருவிப் பார்ப்பார். நடுவில் கை போகாது. அப்படிச் செய்தவர்களோடு சண்டைக்கே போனவர் பாய். ஆனால் அந்த வாரம் அவர் கல்லூரிக்கு எழுதிய பட்டியலில் நல்லான் பெயர் ஏழில் நான்காவதாக இருந்தது. நான் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கல்லூரியில் முதல் இரண்டு பேரையும் கடைசி இரண்டு பேரையும் மட்டும் ஓடவிட்டு, ஆடவிட்டுச் சோதித்துப் புரட்டி எடுத்தார்களாம். மற்றவர்களை பாய் வார்த்தையை நம்பிச் சேர்த்துக்கொண்டார்கள். வேலாத்தாள் கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பாய் தன் பங்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், தின்னவில்லை.

அதன்பின் அந்தக் கல்லூரி ஆடும் நாளெல்லாம் அவருக்கு வேலை ஓடாது. ஓட்டைப் பீஸ்கள் அவரைத் தாண்டிப் போயின. இப்போது நான் எடுத்து நீட்டினேன், எனக்கு அதில் சந்தோஷமே இல்லை.

அவன் கல்லூரியில் சேர்ந்த நான்காம் மாதம் காங்கேயத்தில் போட்டி. வேலாத்தாளும் எங்களோடு வந்திருந்தாள். நல்லான் பாடிப் போனான். ஒருவன் பாய்ந்து அவன் வலது காலைக் கட்டிப்பிடித்தான். அத்தனை இரைச்சலிலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பையன் மூச்சை விடவில்லை. பாடிக்கொண்டே கையால் ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

இனி கம்பு இல்லாமல் நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வேலாத்தாள் பாயிடம் வந்தாள்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுங்களே, பாய். நீங்க பாத்தப்ப காலு நல்லாத்தானுங்க இருந்துச்சு?"

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"இல்லீங்கம்மா. தெரிஞ்சுதான் நடுவுல வெச்சேனுங்க."

பத்து வருஷமாகப் பீஸ் அடுக்கியவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"மேல வெச்சிருந்தா வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருப்பாங்களே, பாய்," என்றாள். "எம்பையன் ரெண்டு காலோட ஊட்டுக்கு வந்திருப்பானே."