சனிக்கிழமை அரக்கு

சும்மா ஆடுமா சோழியன் குடுமி? அந்த நோட்டீஸைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். தையல், கம்ப்யூட்டர், நர்சிங் உதவியாளர் என்று சின்னச் சின்னப் படிப்புகள் சொல்லித்தரும் சமுதாயக் கல்லூரி ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாக வந்து மஞ்சள் காகிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. பெரியவர்களும் இளையவர்களும் வட்டமாக உட்கார்ந்து ஊரைப் பற்றிப் பேசலாமாம். தண்ணீர், சாக்கடை, ரோடு, எதுவானாலும் சரி. டீ உண்டு.

டீ உண்டு என்றதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. சாக்கடையைப் பற்றி உங்கள் கருத்து என்னம்மா என்று என்னை உட்கார வைத்துக் கேட்டு, கையில் டீயும் கொடுத்தவர்கள் இதுவரை யாரும் கிடையாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூட வாசலோடு கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நாங்கள் சாயம் போடுகிறவர்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை, அதன் கீழே இரண்டு அடுப்பு, மூன்று செப்புத் தொட்டி. தறிக்காரர்கள் பட்டு நூலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேட்ட கலரில் தோய்த்துக் கொடுப்போம். மிச்சத் தண்ணீர் தெருச் சாக்கடையில் போகும். போகக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அடுப்பை இடித்து, கதவுக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். யாரோ புகார் எழுதிப் போட்டார்கள் என்று பேச்சு. அந்த வீட்டுக்காரர் இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அந்த நீலச் சட்டையும் தொப்பியுமாக அவரை பஸ்ஸில் பார்த்த நாளிலிருந்து, அதே சட்டையை என் வீட்டுக்காரருக்கு மாட்டி மாட்டிப் பார்க்கும் என் மனசு. அந்த இரண்டு அடுப்பு போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

"நீ போவாத. வுட்டுடு," என்றார் என் வீட்டுக்காரர்.

"போவாம எப்டி? யாரு யாரு இன்னா பேசறாங்கன்னு தெரிய வாணாமா?"

வேவு பார்க்கத்தான் போனேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கல்லூரி வாசலில் ஒரு நோட்டை நீட்டினார்கள். பெயர், வயது, தெரு, கதவு எண், கையெழுத்து. பேசுவதற்கு எதற்கம்மா கதவு எண் என்று கேட்டேன். "சும்மாதாம்மா, அடுத்த கூட்டத்துக்கு சொல்லி அனுப்பறதுக்கு," என்றாள் அங்கிருந்த பெண். சும்மாவாம். பெயரையும் தெருவையும் ஒழுங்காக எழுதிவிட்டு, கதவு எண்ணை மட்டும் எங்கள் தெருவிலேயே இல்லாத ஒன்றாகப் போட்டேன். பக்கத்து வீட்டு எண்ணை எழுதும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லை.

வட்டத்துக்கு எட்டு நாற்காலி. நாலு பெரியவர்கள், நாலு பிள்ளைகள். நடத்துவதற்கு ஒரு வாத்தியார். அவர் ஒரு விதி சொன்னார். ஒருவர் பேசி முடித்து "அவ்ளோதான்" என்று தானே சொல்கிற வரைக்கும் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முடிக்க விட்டதே கிடையாது. எனக்கு நாக்கு அரித்தது.

எனக்கு எதிர் நாற்காலியில் நர்சிங் உதவியாளர் படிப்புப் படிக்கிற ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கும். எங்கள் தெருச் சாக்கடை ஒரு கால்வாயில் போய் விழுகிறது. அந்தக் கால்வாய் ஓரத்துக் காலனியில் அவள் வீடு. என் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் போனதில்லை. போகிற வேலை இருந்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

அவள் செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டி வட்டத்தில் சுற்றவிட்டாள். வெள்ளை பக்கெட் ஒன்றில் அவர்கள் காலனிக் கிணற்றுத் தண்ணீர். என் பக்கத்தில் இருந்த ரிட்டயர்டு கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். விதி எல்லாருக்கும் மறந்து போனது. "அய்யய்யோ, ரத்தம் மாதிரி செவப்பா இருக்குதே," என்றார்.

அங்கேதான் என் புத்தி கெட்டுப் போனது. மாதிரித் துணியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சிவப்பு சிவப்பு என்கிற ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"செவப்பாவது கிவப்பாவது," என்றேன். "அது அரக்குங்க. அதுவும் மொதத் தண்ணி இல்ல. தொட்டி அலசின தண்ணி. மொதத் தண்ணியா இருந்தா இன்னும் கருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் எல்லாரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று யாருக்காகச் சொல்லி வைத்தார்களோ, எனக்காகத்தான். புடவைத் தலைப்புக்குள் கையை இழுத்துக்கொண்டேன். நகக்கண்ணில் அதே அரக்கு.

அந்தப் பெண் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்தாள். "நீங்க சாயம் போடறவங்களாம்மா? எந்தக் கெழம தண்ணி ஊத்துவீங்க?"

பாருங்கள், கிழமை கேட்கிறாள். எதற்குக் கேட்பாள்? அந்தக் கிழமை பார்த்து ஜீப்பை அனுப்பத்தான். எங்கள் வேலைக்கு ஒரு முறை உண்டு. வாரம் முழுக்க அதே தொட்டிதான் என்பதால் திங்கட்கிழமை மாம்பழ மஞ்சளில் தொடங்கி, கிளிப்பச்சை, வாடாமல்லி என்று நாளுக்கு நாள் அடர்ந்த கலருக்குப் போவோம். அப்போதுதான் நடுவில் தொட்டியைத் தேய்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமை அரக்கு. அன்று மத்தியானம் மூன்று தொட்டியையும் அலசி மொத்தமாகக் கவிழ்த்துவிடுவோம்.

"திங்கக்கெழம," என்றேன். "திங்கக்கெழம மட்டுந்தான். சனிக்கெழமல்லாம் அடுப்பே பத்த வெக்கமாட்டோம்."

சனிக்கிழமையைப் பற்றி யார் கேட்டது? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். ஆனால் அவள் நம்பினாள். திங்கள் என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நூலை உதறிக்கொண்டே கேட்டார். "அது இன்னாத்துக்கு கெழம கேட்டுச்சாம்?"

"புடிச்சுக் குடுக்கத்தான். வேற இன்னாத்துக்கு?"

மறுநாள் திங்கட்கிழமை அடுப்பு பற்ற வைக்கவில்லை. தொட்டிகளைப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்து, கோலமெல்லாம் போட்டுவிட்டு, ஜீப் வரட்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். நான் முறைத்த முறைப்பில், வழக்கமாக ஒரு வாய் தண்ணீர் கேட்கிற மனிதர் கேட்காமலே போய்விட்டார். வேறு யாரும் வரவில்லை. அடுத்த திங்களும் அப்படியே போனது. ஜீப் வராதது எனக்கு நிம்மதியாக இல்லை. ஏதோ பெரிதாகச் செய்கிறார்கள் என்று இன்னும் பயமாகிவிட்டது.

இரண்டாவது கூட்டம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. அந்தப் பெண் இந்த முறை தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள். வட்டம் கலைந்து டீ கொடுக்கும்போது அம்மா என்னிடம் நேராக வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்து நாற்காலி முதுகில் விரித்தாள். முந்தானையிலிருந்து பாதிப் புடவை வரைக்கும் திட்டுத் திட்டாக வெளுத்த ரோஸ். பட்டுக்குப் போடுகிற சாயம் பருத்தியை முழுசாகப் பிடிக்காது, இப்படித்தான் அரைகுறையாகக் கறையாக நிற்கும். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? என் அரக்கு.

"அக்கா, பொண்ணு சொல்லிச்சு, நீங்க சாயம் தெரிஞ்சவங்கன்னு. இத்த எடுக்க முடியுமா பாருங்கக்கா. ஈஸ்டருக்குக் கட்டிக்கலாம்னு எடுத்த பொடவ. எங்களுக்குக் குடிக்கத்தான் கொழாய்த் தண்ணி, தொவைக்கறதுக்கெல்லாம் கால்வாய் ஓரத்துக் கெணறுதான். நீங்க திங்கக்கெழமதான் ஊத்துவீங்கன்னு சொன்னீங்களாமே, அத்த நம்பி சனிக்கெழம மத்தியானம் நனச்சேன். மோட்டரப் போட்டு பக்கெட்ல ஓஸ வுட்டுட்டு உள்ள போய் வந்து பாத்தா இப்டி. வேற யாரோ ஊத்திகினு இருக்காங்க போல."

வேற யாரோ. கிழமை கேட்டது இதற்குத்தான். எந்த நாளில் துவைக்கலாம் என்று தெரிந்துகொள்ள. அதைக்கூட நான் உடனே நம்பவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நடிக்கிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். பிறகு மகளைப் பார்த்தேன். மகள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துத் தரேன்," என்று மட்டும் சொல்லிப் புடவையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தப்பான கலர் விழுந்த நூலை வெளுக்க எங்களிடம் ஹைட்ரோஸ் என்று ஒரு பொடி உண்டு. மூக்கைப் பிடுங்குகிற நாற்றம். மறுநாள் காலையில் வெந்நீரில் அதைக் கரைத்துப் புடவையை முக்கிக் கழியால் புரட்டிக்கொண்டே இருந்தேன். கறை போனது. பழையபடி வெள்ளை. கொடியில் உலர்த்திவிட்டு, அந்த பக்கெட் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றத் தூக்கினேன். தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டேன். பத்து நிமிஷ நடை என்றேனே, தண்ணீருக்கு அவ்வளவுகூட ஆகாது.

"இன்னா, பக்கெட்ட வெச்சிகினு நிக்கற?" என்றார் என் வீட்டுக்காரர்.

பக்கெட்டைக் கீழே வைத்து ஒரு தட்டைப் போட்டு மூடினேன். ரொம்ப நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சனிக்கிழமையும் அரக்குதான். அந்த ஒரு பக்கெட்டை மூடி வைத்துக்கொண்டு, மூன்று தொட்டியையும் வழக்கம்போலக் கவிழ்த்தேன். வேறு எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? ஊற்றிவிட்டு, அந்தத் தண்ணீர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் வித்தியாசம். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது கூட்டத்துக்குப் புடவையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசல் நோட்டில் இந்த முறை சரியான கதவு எண்ணை எழுதினேன். வழி நெடுக பதில்களைத் தயார் செய்துகொண்டே வந்திருந்தேன். நிறுத்தச் சொன்னால், அடுப்பு போனால் நாங்கள் எங்கே போவது என்று கேட்பேன். எழுதிப் போடுவேன் என்றால், பட்டுப் புடவை கட்டுகிற ஊர் உலகத்தையும் சேர்த்து எழுது என்பேன். என் முறை வந்தது. அன்றும் வந்திருந்த அந்தப் பெண்ணின் அம்மா மடியில் புடவையை வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னேன்.

"வேற யாரும் ஊத்தல. நான்தான் ஊத்தினேன். திங்கக்கெழமன்னு சொன்னது பொய். சனிக்கெழம மத்தியானந்தான் ஊத்துவோம். புடிச்சுக் குடுத்துடுவீங்கன்னு பயந்து மாத்திச் சொன்னேன்."

ஒருவரும் பேசவில்லை. வாத்தியார் பேசவில்லை, கிளார்க் பேசவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தபடி இருந்தாள். இப்படி மௌனமாக இருந்தே கொல்கிறார்களே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. நான் முடித்துவிட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை. அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

"அவ்ளோதான்," என்றேன்.

அந்தப் பெண் நோட்டைத் திறந்து திங்களை அடித்துவிட்டு சனி என்று எழுதினாள். அம்மா மடியில் இருந்த புடவையை ஒருதரம் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்ப மடித்தாள்.

"சரிக்கா," என்றாள். "அப்ப நாங்க வெள்ளிக்கெழமயே தொவச்சிக்கறோம்."

நான் தயார் செய்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கும் அப்போதுதான் விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அவ்ளோதான்க்கா," என்றாள்.